ஒரே குலத்துக் கிரணங்கள்

வயிற்றுப்பாட்டுக்குச் சங்கீதத்தையும் மனத்திருப்திக்கு வானசாஸ்திரத்தையும் நெடுங்காலம் கைக்கொண்டிருந்து, யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த கீர்த்தியினால் பின்னதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொள்ளும் பேறு பெற்ற வில்லியம் ஹெர்ஷல், 1800-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் ஸ்லௌ என்னும் ஊரில் இருந்த தம் இல்லத்தில், தொலைநோக்கியின் வழியே சூரியனைப் பார்ப்பதற்கு எந்த நிறக் கண்ணாடி ஏற்றது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். சில கண்ணாடிகள் வெளிச்சத்தைப் பெரிதும் மறைத்தும் சூட்டைத் தாராளமாக உள்ளே விட்டன. வேறு சில வெளிச்சத்தை விட்டும் சூட்டை மறித்தன. நிறத்துக்கு நிறம் உஷ்ணம் வேறுபடுமோ என்று ஐயுற்ற அவர், வெயிலைப் பட்டகத்தின் ஊடே செலுத்தி, மேஜையின்மேல் விழுந்த வர்ணப்பட்டையில், குமிழுக்குக் கருமை பூசிய உஷ்ணமானியை ஒவ்வொரு நிறத்திலாக வைத்து, ஒப்புநோக்குவதற்கென்று வேறு இரண்டைப் பட்டைக்கு வெளியே நிறுத்தி, பாதரசம் ஏறும் அளவைக் குறித்துக்கொண்டு வந்தார். ஊதாவில் அது சற்றே ஏறிற்று; பச்சையில் அதைவிடக் கூடுதலாகவும், சிவப்பில் அதனினும் கூடுதலாகவும் ஏறிற்று. சிவப்பும் முடிந்துபோன இடத்துக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தென்படாத வெறும் மேஜைமேல் வைத்தபோது எல்லா நிறங்களையும் மிஞ்சி ஏறிற்று.

ஒளியும் உஷ்ணமும் ஒரே வஸ்துவின் இரு தோற்றங்கள் என்று முதலில் நினைத்த ஹெர்ஷல், மேன்மேலும் பரிசோதனைகள் செய்து, அவை வெவ்வேறானவை என்ற தவறான முடிவுக்கே வந்து சேர்ந்தார் என்பது ஒரு வேடிக்கை. உழைக்க உழைக்க உண்மை நெருங்கும் என்ற நம்பிக்கைக்கு விஞ்ஞான சரித்திரம் இத்தகைய சில விலக்குகளையும் வைத்திருக்கிறது. அடுத்த ஆண்டே ஜெர்மனியில், யேனா நகரத்தில் இருந்த ரிட்டர் என்னும் இளைஞர், சிவப்புக்கு அப்பால் ஒன்று உண்டென்றால் ஊதாவுக்கு அப்பாலும் ஒன்று இருந்தே தீரவேண்டும் என்ற, தர்க்கத்தில் அவ்வளவு வலுவில்லாத ஆனால் பலனளித்த ஓர் எண்ணத்தினால் உந்தப்பட்டு, வெயில் பட்டால் கறுக்கும் தன்மையுள்ள வெள்ளிக் குளோரைடை வர்ணப்பட்டையின் மறுகோடிக்கு அப்பால் வைத்துப் பார்த்தார். ஊதா நிறம் பட்ட இடத்தைக் காட்டிலும் அந்த இருட்டில் அது விரைவாகக் கறுத்தது. ஆக, சூரியன் வீசும் கிரணங்களில் நம் கண் அறிவது நடுவில் உள்ள ஒரு துண்டை மட்டுமே என்பது அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரத்தியட்சமாகிவிட்டது.

இந்தக் கிரணங்கள் யாவும் எதனால் ஆனவை என்பதை விளக்க அறுபத்துச் சொச்சம் ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. மின்சாரமும் காந்தமும் ஒன்றையொன்று தோற்றுவித்துக்கொண்டு வெட்டவெளியில் அலையாகப் பரவக்கூடும் என்று கணிதத்தினால் நிறுவிய மாக்ஸ்வெல், அந்த அலையின் வேகத்தையும் கணக்கிட்டு, அது ஏற்கெனவே அளந்தறியப்பட்டிருந்த ஒளியின் வேகத்தோடு, அதாவது வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டரோடு, ஒத்திருப்பதைக் கண்டு, ஒளியே ஒரு மின்காந்த அலை என்று 1865-இல் வெளியிட்டார். 1879-இல் அவர் காலமான பிறகு, கார்ல்ஸ்ரூ நகரத்தில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் என்பவர், மின்பொறிகளைத் தெறிக்கச் செய்து மீட்டர்க் கணக்கில் நீளமுள்ள அலைகளை எழுப்பி, அறையின் மறுபக்கத்தில் வைத்த கம்பி வளையத்தின் சிறு இடைவெளியில் பதிலுக்கு ஒரு நுண்ணிய பொறி எழுவதைக் காட்டி, மாக்ஸ்வெல்லின் கணக்கை மெய்ப்பித்தார்.

சங்கீதம் பயின்றவர்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்: அதிர்வு இரட்டிக்கும்போது ஒரு ஸ்தாயி ஏறுகிறது என்ற கணக்கை இங்கும் பிரயோகித்தால், சிவப்பிலிருந்து ஊதா வரையில் உள்ள நிறங்கள் அனைத்தும் ஒரே ஒரு ஸ்தாயிக்குள் அடங்கிவிடும், விஞ்ஞானிகள் அறிந்துள்ள மின்காந்த அலைகளோ, கிலோமீட்டர் நீளமுள்ள வானொலி அலைகளிலிருந்து அணுக்கருவினின்று புறப்படும் காமாக் கிரணங்கள் வரையில், ஐம்பது ஸ்தாயிகளுக்குக் குறையாமல் நீளுகின்றன. மற்ற ஸ்தாயிகளை நம் புலன்கள் கேட்பதும் இல்லை, காண்பதும் இல்லை. அகச்சிவப்பைத் தோல் சூடாக உணர்கிறது, அதோடு சரி. அஞ்ச வேண்டியவற்றுக்கு அஞ்சாமலும், அஞ்ச வேண்டாதவற்றுக்கு அஞ்சியும் நாம் திண்டாடுவதற்கு இதுவே மூலகாரணம் என்பது என் எண்ணம்.

இனி வரப்போகும் யாவற்றுக்கும் திறவுகோலாக உள்ள ஒரு செய்தியை இங்கே கூறிவிட வேண்டும். ஹெர்ட்ஸ் தம் பரிசோதனையை 1887-இல் நடத்திக்கொண்டிருந்தபோது, ஒரு பொறியின் வெளிச்சம் மற்றொரு பொறியிடைவெளியின்மீது பட்டால் அங்கே பொறி எளிதாக எழுவதையும், நடுவில் சாதாரணக் கண்ணாடியை வைத்தால் அந்த அனுகூலம் மறைந்துவிடுவதையும் கவனித்தார். புற ஊதாக் கிரணம் உலோகத்தைத் தாக்கி எலெக்ட்ரான்களை வெளியே தள்ளுவதுதான் அதற்குக் காரணம் என்பது பின்னர் தெரிந்தது. துத்தநாகத் தகட்டின்மீது மங்கலான புற ஊதா பட்டாலும் எலெக்ட்ரான்கள் உடனே வெளிப்படுகின்றன. கண் கூசும் சிவப்பு விளக்கை நாள் முழுதும் காட்டினாலும் ஒன்றுகூட வெளிவருவதில்லை. பிளாங்க் 1900-இல் தொடங்கிவைத்த கருத்தை விரித்து ஐன்ஸ்டைன் 1905-இல் விளக்கம் தந்தார்: ஒளி தன் சக்தியைத் தனித்தனிச் சிறு பொட்டலங்களாகவே கொடுக்கும், அதிர்வெண் உயர உயரப் பொட்டலத்தின் சக்தியும் உயரும், பெரிய பொட்டலம் ஒன்று செய்யும் காரியத்தைச் சிறிய பொட்டலங்கள் கோடி சேர்ந்தாலும் பெரும்பாலும் செய்யமாட்டா. அலைகளின் மெய்ம்மையை நிலைநாட்டிய அதே மேஜையிலேயே, அலை என்று மட்டும் சொன்னால் போதாது என்பதற்கான சாட்சியும் கிடந்தது.

ஆகவே ஒரு கிரணம் உடலுக்குத் தீங்கானதா என்று கேட்பவர் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். தனித்தனிப் பொட்டலம் எவ்வளவு வலியது? பொட்டலங்கள் எத்தனை வந்து விழுகின்றன? முதலாவது கேள்வி, நம் உயிரணுக்களில் உள்ள ரசாயனப் பிணைப்புகள் அறுபடுமா என்பதைத் தீர்மானிக்கிறது; இரண்டாவது, அறுபடாவிட்டாலும் உடல் சூடேறுமா என்பதைத் தீர்மானிக்கிறது. செல்போன் அலையின் பொட்டலத்தைக் காட்டிலும் சிவப்பு வெளிச்சத்தின் பொட்டலம் பல லட்சம் மடங்கு வலியது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கலக்கம் தீர்ந்துவிடும்.

நீண்ட அலைகளிலிருந்து தொடங்குவோம். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை ஏறக்குறைய 417 மீட்டர் நீளமுள்ளது. பண்பலையோ மூன்று மீட்டர் அளவே. பகலில் அண்டை மாவட்டத்தோடு நின்றுவிடும் மத்திய அலை நிலையங்கள் இரவில் வெகுதூரம் கேட்பதற்குக் காரணம், சூரியனுடைய கிரணங்களால் வானில் உண்டாகி அவ்வலைகளை விழுங்கிக்கொண்டிருந்த அடிமட்ட மின்னணுப் படலம் அஸ்தமனத்துக்குப் பின் கலைந்துபோக, அதற்கு மேலேயுள்ள படலங்கள் அலைகளைப் பூமிக்குத் திருப்பியனுப்புவதுதான். சிற்றலைகளைப் பகலிலும்கூட இப்படலங்கள் திருப்புகின்றன. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கடலுக்கு இப்பாலிருந்து கேட்டுப் பழகிய தலைமுறையினர், சிற்றலையில் பாட்டு நடுவே மங்கி மறைந்து மீண்டும் பொங்கி வரும் அனுபவத்தை அறிவார்கள். முள்ளை மயிரிழை அளவு நகர்த்துவதனால் அது சரியாவதில்லை, ஏனென்றால் அசைந்துகொண்டிருப்பது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அந்தப் படலமே.

வானொலியின் சரித்திரத்தில் மார்க்கோனியின் பெயரே முன்னிற்கிறது. ஆயினும் அவர் 1901-இல் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிச் செய்தியனுப்பியதற்கு ஆறாண்டுகள் முந்தியே, ஜகதீச சந்திர போஸ் கல்கத்தா நகர மண்டபத்தில் மக்கள் முன்னிலையில், சுவர்களை ஊடுருவிச் சென்ற அலைகளால் மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். அவர் உண்டாக்கிய அலைகள் சில மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. பெரும் அலைகளின்பின் மற்றவர்கள் ஓடிய காலத்தில் மிகக் குறுகிய அலைகளை நாடிய அந்த வழி, அரை நூற்றாண்டு கழித்து ராடார் வந்தபோதுதான் எத்தகைய ராஜபாட்டை என்பது விளங்கிற்று. நீலகிரியில், உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் எழுந்த ரேடியோத் தொலைநோக்கியையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க மனம் வரவில்லை. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள அந்த உருளைப் பரப்பு, அவ்விடத்து அட்சரேகையின் அளவாகிய 11 டிகிரிக்கே சரிந்த ஒரு மலைச்சரிவில் வடக்குத் தெற்காகக் கிடப்பதால், அதன் நீளச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது; ஆகவே ஒரே அச்சில் மெல்லச் சுழற்றிக்கொண்டே ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். இயந்திரத்தினால் செய்ய வேண்டிய பாதி வேலையை மலையே செய்துவிடுகிறது.

அதிர்வெண்ணில் வானொலி அலைகளுக்கு மேலே நுண்ணலைகள். ராடாருக்கான மாக்னெட்ரான் குழாய்களைச் செய்துவந்த ரேதியான் கம்பெனியில் பெர்சி ஸ்பென்சர் என்பவருடைய சட்டைப்பையில் இருந்த மிட்டாய், 1945-இல், அவர் அக்குழாயின் அருகே நின்றபோது உருகிப்போனதிலிருந்து மைக்ரோவேவ் அடுப்பு பிறந்தது. அடுப்பின் கதவை நெருங்கிப் பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னே சிறுதுளைகள் நிறைந்த உலோகத் தகடு தெரியும். உள்ளே சுழலும் அலை சுமார் 12 சென்டிமீட்டர் நீளமுள்ளதாதலால், மில்லிமீட்டர் அளவுள்ள அத்துளைகள் அதற்கு மூடிய சுவரே. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய ஒளியலைக்கோ அவை அகன்ற வாயில்கள். ஆகவே கதவு பிசகியிருந்தாலும் தகடு கிழிந்திருந்தாலும் அவ்வடுப்பை உபயோகிக்கக் கூடாது. அந்த அலை தண்ணீரின் மூலக்கூறுகளை இப்புறமும் அப்புறமும் திருப்பித் திருப்பிச் சூடாக்குகிறது. சோற்றில் கதிரியக்கம் எதையும் விட்டுச்செல்வதில்லை. உடலில் பட்டால் சுடும். அதிலும், சூட்டை எடுத்துச் செல்ல ரத்த ஓட்டமில்லாத கண்ணின் லென்ஸ் முதலில் கெடும்.

செல்போனும் அதன் டவரும் இதே குடும்பத்து அலைகளையே உபயோகிக்கின்றன, ஆனால் மிகக் குறைந்த தொகையில். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2011-இல் இவற்றை, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று ஐயத்துக்கிடமான வகையில் சேர்த்தது உண்மை. ஐயம் தீரவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கொள்ளலாகாது. நம் நாட்டில் 2012 செப்டம்பரில், டவர் அலைகளுக்கான அனுமதி சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. இதில் பலரும் எண்ணிப்பாராத ஒரு விஷயம் உண்டு: டவர் தொலைவில் இருந்தால், காதோடு ஒட்டியிருக்கும் செல்போன் அதை எட்டுவதற்காகத் தன் வீச்சைக் கூட்டிக்கொள்கிறது. தெருவில் டவர் கூடாது என்று போராடி வெற்றி பெற்றவர்களின் தலைக்கு முன்னிலும் அதிக அலை வந்து சேர்வது அசாத்தியமன்று.

அகச்சிவப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டெலிவிஷனின் ரிமோட்டை அழுத்திக்கொண்டே அதன் நுனியைச் செல்போன் கேமராவின் வழியே பார்த்தால், வெறுங்கண்ணுக்கு இருண்டிருக்கும் அந்தச் சிறு குமிழ் வெளிர் ஊதாவாக மினுக்குவதைப் பெரும்பாலான கேமராக்களில் காணலாம். ஹெர்ஷலின் கிரணம் அதுவே. 2020-இல் வீடுதோறும் வந்து சேர்ந்த, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், 660 நானோமீட்டர் சிவப்பையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பையும் மாற்றி மாற்றி விரலுக்குள் செலுத்துகிறது. பிராணவாயுவை ஏற்ற ரத்தம் முன்னதைக் குறைவாகவும் பின்னதைக் கூடுதலாகவும் விழுங்குவதால், இரண்டின் விகிதத்திலிருந்து ரத்தத்தில் உள்ள பிராணவாயுவின் கணக்கு வெளிப்படுகிறது. 1974-இல் ஜப்பானில் அயோயாகி என்பவர் கண்ட உபாயம் இது. உலையெதிரே ஆயுளைக் கழிக்கும் கண்ணாடித் தொழிலாளருக்குக் கண்புரை உண்டாவது பழைய காலத்திலிருந்தே தெரிந்த ஒன்று.

நிறங்களைத் தாண்டிப் புற ஊதாவுக்கு வந்ததும் கதையின் போக்கு மாறிவிடுகிறது, ஏனென்றால் பொட்டலம் பிணைப்பை அறுக்கும் வல்லமை பெறத் தொடங்குவது இங்கேதான். தெருவோரத்து வெல்டிங் பட்டறைகளைக் கவனித்தவர்கள் இதை நேரிலேயே காணலாம். இரும்புக் கேட்டைப் பற்றவைக்கும் ஆள் ஒரு கையில் ஹோல்டரைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் பிடிக்க வேண்டிய கறுப்புக் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, பொறி விழும் கணத்தில் முகத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பிக்கொள்கிறான். உதவிக்கு நிற்கும் பையனுக்கு அதுவும் தோன்றுவதில்லை. அப்போது ஒன்றும் வலிப்பதில்லை. சில மணி நேரம் சென்று, வீட்டில் படுத்த பிறகு, கண்ணில் மணலை அள்ளிக் கொட்டினாற்போல் உறுத்தி நீர் வழிகிறது. கருவிழியின் மேல்தோல் புற ஊதாவினால் வெந்து உரிவதே அது. ஓரிரு நாளில் ஆறிவிடுகிறது என்பதனாலேயே அடுத்த நாளும் அதே தவறு நடக்கிறது. செய்த காரியத்துக்கும் அனுபவிக்கும் வேதனைக்கும் நடுவில் காலம் புகுந்துவிட்டால், மனிதன் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

வெயிலின் கதையும் இதுவே. தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் அதே கிரணம், உயிரணுவின் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துள்ள கண்ணிகளைத் தவறாகப் பிணைத்துவிட்டு, பெரும்பாலும் உடலே திருத்திக்கொள்ளும் அந்தப் பிழைகளில் திருந்தாமல் விட்டவற்றைப் பல்லாண்டு கழித்துப் புற்றுநோயாக முளைக்கச் செய்யவும் கூடும். கருந்தோல் ஓரளவு காக்கிறது; கண்ணை அது காப்பதில்லை. கிருமிகளைக் கொல்லும் புற ஊதா விளக்கு இப்போது வீட்டுக் குடிநீர் வடிப்பானிலேயே வந்துவிட்டது. அதைத் திறந்து எரியவிட்டுப் பார்ப்பது வெல்டிங்கைப் பார்ப்பதற்குச் சமம். சூரியனுடைய கிரணங்களில் மிகக் கொடிய பகுதியை ஓசோன் படலம் தடுத்துவிடுவதால் நாம் பிழைத்திருக்கிறோம். அதில் அண்டார்டிகாவுக்கு மேலே பெருங்குறைவு நேர்ந்திருப்பதை 1985-இல் மூன்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் வெளியிட, இரண்டே ஆண்டுகளில் மான்ட்ரியால் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அரசாங்கங்கள் அவ்வளவு சீக்கிரம் விஞ்ஞானிகளின் பேச்சைக் கேட்டது அபூர்வம்.

எக்ஸ் கதிரின் விஷயத்திலோ எச்சரிக்கை மிகத் தாமதித்தே வந்தது. வூர்ட்ஸ்பர்க் நகரத்தில் 1895 நவம்பர் 8-ஆம் தேதி மாலை, கறுப்பு அட்டையினால் மூடிய குழாய்க்கு எட்ட இருந்த பேரியப் பூச்சுத் திரை ஒளிர்வதைக் கண்ட ரோண்ட்கன், டிசம்பர் 22-ஆம் தேதி தம் மனைவியின் கை எலும்புகளையும் விரலில் இருந்த மோதிரத்தையும் படமெடுத்தார். காப்புரிமை எதுவும் அவர் கோரவில்லை. சில வாரங்களுக்குள்ளாகவே வைத்தியர்களும், வேடிக்கை காட்டுவோரும், கண்டறிய விரும்பியோரும் அதைப் பயன்படுத்தலாயினர். குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று தம் கையையே நீட்டிப் பார்ப்பது அக்காலத்து வழக்கமாக இருந்தது. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி அவ்விதம் நீட்டியவர். தோல் வெந்து, புண்ணாகி, புற்றாக மாறி, கைகள் இரண்டும் வெட்டப்பட்டு, 1904-இல் அவர் மாண்டார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து மருத்துவமனைத் தோட்டத்தில், இக்கிரணங்களுக்குப் பலியான வைத்தியர், தாதியர், விஞ்ஞானிகள் நினைவாக 1936-இல் நிறுவிய தூணில் 169 பெயர்கள் பொறிக்கப்பட்டன. இவ்வளவும் தெரிந்த பின்னரும், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் செருப்புக் கடைகளில், பாதம் பூட்ஸில் பொருந்துகிறதா என்று குழந்தைகளுக்குக் காட்டும் எக்ஸ் கதிர்ப் பெட்டிகள் 1950-கள் வரையில் பரவலாக இருந்தன என்பதை என்னென்பது!

இன்றைய மார்பு எக்ஸ்ரே ஒன்றினால் சேரும் அளவு 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் உலகத்தாருக்குச் சராசரியாக ஆண்டுதோறும் வந்துசேர்வதோ 2.4 மில்லிசீவர்ட். சி.டி. ஸ்கேன் அப்படியன்று, அது சாதாரண எக்ஸ்ரேயைக் காட்டிலும் பல பத்து மடங்கு கொடுக்கும். வைத்தியர் வேண்டும் என்றால் தயங்காமல் எடுத்துக்கொள்ளவும், அவர் வேண்டாம் என்றபோது திருப்திக்காக எடுக்கச் சொல்லி வற்புறுத்தாதிருக்கவும் பழகுதல் நலம்.

பாரிஸில் வில்லார் 1900-இல் கண்ட காமாக் கிரணங்கள், புற்றுநோய்க் கட்டிகளை எரிக்கவும், ஊசிகளையும் மருத்துவச் சாதனங்களையும் உறையோடு கிருமி நீக்கவும் பயன்படுகின்றன. அவற்றைத் தரும் கோபால்ட்-60 மிக்க உபகாரி. ஈய உறைக்குள் இருக்கும்வரை. 2010-இல் தில்லிப் பல்கலைக்கழகம், 1968-இல் வாங்கி 1985 முதல் உபயோகிக்காமல் வைத்திருந்த காமா யந்திரம் ஒன்றை ஏலத்தில் விற்க, அது மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே அறுக்கப்பட்டது. கோபால்ட்-60 ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவது. நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட கணக்கில் பார்த்தால், முதலில் இருந்த வீரியத்தில் ஏறக்குறைய 250-இல் ஒரு பங்கே எஞ்சியிருந்திருக்கும். அந்த ஒரு பங்கே பலரை மருத்துவமனைக்கு அனுப்பியது, ஒருவர் உயிரிழந்தார். தொட்டவர்களுக்கு அது சூடாகவும் இல்லை, ஒளிரவும் இல்லை, நாறவும் இல்லை.

இத்தகைய யந்திரங்களின்மேல் மஞ்சளில் கறுப்பாக வரையும் மூவிதழ்ச் சின்னம், படித்தவர்களுக்கே பெரும்பாலும் அர்த்தமாவதில்லை. ஆகவே சர்வதேச அணுசக்தி முகமை, இந்தியா உட்பட 11 நாடுகளில் மக்களுக்குக் காட்டிச் சோதித்து, 2007-இல் வேறொரு சின்னத்தையும் கூடுதலாக வெளியிட்டது: சிவப்பு முக்கோணத்துக்குள் மேலே மூவிதழும் அதிலிருந்து பாயும் அலைகளும், கீழே ஒரு மண்டையோடும், தப்பியோடும் ஒரு மனிதனும். அதை யந்திரத்தின் வெளிப்புறத்தில் ஒட்டுவதில்லை. மேலுறையைக் கழற்றினால்தான் கண்ணில் படும்படியாக, உள்ளே மூலப்பொருள் இருக்கும் பெட்டியின்மேல் ஒட்ட வேண்டும் என்பது விதி. பழைய இரும்புக் கடைகளில் அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயப் பொருளோ, அடையாளம் தெரியாத மூடிய உருளையோ வந்தால், அறுப்பதற்கு முன் மூவிதழோ இந்தப் புதிய சின்னமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் மேற்கொண்டு ஒரு திருகாணியையும் தொடாமல் விலகி நின்று, போலீசுக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.